பாபகூரா ரயிலில் எழுதிய கடிதம்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவன் நான். ஆயுள் முழுக்கக் கணிதம் படிப்பித்தவன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

முதலில் நான் செய்ததைச் சொல்லவேண்டும். சண்டை தொடங்கிய புதிதில், யாழ்ப்பாணத்தில், இயக்கப் பொடியள் ராணுவத்திடமிருந்து பறித்த ஒரு தபால் பையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தென்பகுதியில் படிப்பித்தவன் என்பதால் எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். எல்லாம் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். ஒருவனுக்குக் காலில் சிரங்கு, ஒருவனுக்குத் தங்கையின் கல்யாணக் கவலை. நான் அதையும் வாசிக்க, ஒரு பொடியன் சிரித்தான்.

“மாஸ்டர், உவங்கட சிரங்குக்கு நாங்கள் மருந்தோ கட்டப் போறம்? எப்ப, எந்த ரோட்டால போறாங்கள் எண்டதை மட்டும் சொல்லுங்கோ.”

சுனில் என்பவன் குருநாகலில் இருக்கும் தாய்க்கு எழுதியிருந்தான்: சனிக்கிழமை கடற்கரை வீதியால் போகும் லொறியில் லீவில் வருகிறேன், பலாப்பழம் பழுத்தாலும் நான் வரும்வரை வெட்டவேண்டாம். அந்த வரியை விழுங்கியிருக்கலாம். வாசித்தேன். லொறி கண்ணிவெடியில் சிதறியது, ஒருவரும் தப்பவில்லை. கடிதங்களை எரிக்கச் சொன்னார்கள், எரித்தேன். தாய்க்கு அது கிடைக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு, பாபடோயிட்டோய்ப் பகுதியில் இருந்த மகளிடம் வந்துவிட்டேன். ஒரு மத்தியானம், நகரத்திலிருந்து திரும்பும் ரயிலில், பாபகூரா ராணுவ முகாமுக்குப் போகிற வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் என் பக்கத்தில் இருந்து, மடியில் வைத்துக் கடிதம் எழுதினான். தற்செயலாகப் பார்த்தேன். நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தான். பலாப்பழத்தை வெட்டவேண்டாம் என்ற வரி என் கண்முன்னே எழுதி முடிந்தது. அதே சரிந்த கையெழுத்து.

என் ஸ்டேஷன் வந்ததும் உறையை ஒட்டி நீட்டினான். “மேட், இதைப் போஸ்ட் பண்ணிவிடுறீங்களா?” என்று சாதாரண நியூசிலாந்து ஆங்கிலத்தில்தான் கேட்டான். மேலே குருநாகல் விலாசம். கிழித்தெறிந்திருக்கலாம். வெளியே வந்து தபால் பெட்டியில் போட்டேன். இந்த முறையாவது தாய்க்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து மகள் ஒரு உறையோடு வந்தாள். “அப்பா, ஆர் இந்தச் சுனில்? அவற்ற பேருக்கு எங்கட விலாசம் போட்டு வந்திருக்கு. உங்கட சிநேகிதரோ?”

“ஓம்” என்றேன். வேறென்ன சொல்ல?

குருநாகல் முத்திரை, வயதான கையின் நடுங்கிய எழுத்து. பிறகு மாதம் ஒன்று வரத் தொடங்கியது. நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. மகன் எப்போது வருகிறான் என்று கேட்டிருப்பாள், அதற்கு நான் என்ன எழுதுவேன்?

போன வருடம் மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு வீடு மாறினோம். புது விலாசத்தை அப்போது இன்னும் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. சாமான்களோடு போய் இறங்கியபோது, தபால் பெட்டியில் சுனிலுக்கு ஒன்று வந்து கிடந்தது.