ஆஸ்டின் டவுனில் ஓர் ஒப்பாரி

பல ஆண்டுகளுக்கு முன், கணவனை இழந்த ஒரு பெண் அழுதபடி பாடிய ஒப்பாரியை அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்தேன். அவள் பெயரைப் போடாமல் அதை வைத்துக் கட்டுரை எழுதினேன்; அதனால்தான் பேராசிரியர் ஆனேன். இன்றைய நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பாடுகிறவரின் சம்மதத்தை முதலில் கேட்கிறார்கள். அவர்களைப் படித்த பிறகே, இந்த வயதில், எனக்கு உறைத்தது.

அந்தக் குரலைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பெங்களூரு வந்திருக்கிறேன். ஆஸ்டின் டவுனில், அன்று பதிவு செய்த அதே வீடு. சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் மட்டும் போகும் சந்து. அந்தப் பெண்ணின் மகள் தனம், பள்ளி ஆயா வேலை முடிந்து வந்த புடவையோடு, நான் சொல்வதை நின்றுகொண்டே கேட்கிறார். நான் மடிக்கணினியைத் திறந்ததும் கையை வைத்து மூடுகிறார்.

"சாவு இல்லாத வூட்ல ஒப்பாரி போடக்கூடாது சார். படிச்சவரு, தெரியாதா?"

தெரியும். கட்டுரையில் அதையும் எழுதியிருக்கிறேன்.

"அம்மா போன வருசம் போயிடுச்சு. பாட்டுக் கட்டி அழ ஒருத்தருக்கும் தெரியல. ஐஸ் பெட்டி மோட்டார் சத்தந்தான் கேட்டுச்சு. அப்ப வந்திருக்கலாம் நீங்க."

மன்னிப்புக் கேட்கிறேன். கட்டுரையில் அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டதாகச் சொல்கிறேன். எழுந்து பென் டிரைவைப் பைக்குள் வைக்கப் போகிறேன். அவர் கையை நீட்டுகிறார்.

"அதக் குடுத்துட்டுப் போங்க. நான் போறப்ப பசங்க போடட்டும். எனக்கு எங்கம்மாவே அழுவட்டும்."