கழற்றி எறிந்த காது

கென்ட் ராஸ்முசென் பத்திரிகை அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்த மோட்டார்சைக்கிள். உள்ளே பேட்டியில், "இந்த வடிவம் எனக்குக் கனவுல வந்துச்சு" என்று சொல்லியிருந்தான்.

மார்லிஸ் ஹூப்னர் கடையில் நின்றபடியே அதைப் படித்தாள். கனவாம்! எல்க்கார்ன் ஊரில், மாடு கட்டியிருந்த கொட்டகையைக் கழுவிவிட்டு, வரைபலகை முன்னால் ஆறு வருஷம் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அவள். பெட்ரோலுக்குத் தனித் தொட்டி வேண்டாம், அகலமான அலுமினியச் சட்டத்துக்குள்ளேயே ஊற்றிவிடலாம் என்றது அவள். எஞ்சின் எண்ணெயைப் பின்சக்கரம் தாங்கும் கைக்குள் வைத்தவள் அவள். புகைக்குழாயை எஞ்சினுக்கு அடியில் படுக்கவைத்து, முன்சக்கரத்தின் விளிம்பிலேயே ஒற்றைப் பிரேக் வட்டை மாட்டி, எடையையெல்லாம் நடுவில் குவித்து, முன்பக்கம் எந்த மூடியும் இல்லாமல் நிறுத்தினாள். ஆயிரத்து இருநூறு சிசி எஞ்சின், வளைவில் சைக்கிள் மாதிரி திரும்பும். கென்டுக்கு ஸ்பேனர் பிடிக்க வராது. பேச வரும். இருவருக்கும் விவாகரத்து நடந்தபோது அவன் வக்கீலும் நன்றாகப் பேசினார். வரைபடமெல்லாம் கம்பெனிச் சொத்து, கம்பெனி கென்டுடையது என்று தீர்ப்பானது. மார்லிஸுக்கு ஒழுகுகிற வீடு மிஞ்சியது. பால் கறக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலைக்குப் போனாள்.

மதுக்கடையில் வெள்ளிக்கிழமைதோறும் போடும் மீன் வறுவலுக்கு டோரீன் வந்தாள். கென்டின் தொழிற்சாலையில் வண்டிச் சட்டத்துக்கு வெல்டிங் வைக்கிறவள், மார்லிஸின் பழைய தோழி.

"உன் வண்டிக்கு ஒரு காதை அறுத்துட்டாரு தெரியுமா?" என்றாள்.

"என்ன காது?"

"இடது பக்கம் காத்துக்காக ஒரு மடல் வச்சிருந்தியே, அதான். போட்டோல அசிங்கமா தெரியுதாம். உள்ள இருந்த விசிறியையும் எடுத்தாச்சு, சத்தம் போடுதாம்."

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பின்சிலிண்டர் முன்சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்குக் காற்று எட்டாது. ஓடும்போது தெரியாது. நின்றால் தொடையை வாட்டிவிடும். ஆளைக் கொல்லாது, மானத்தை வாங்கும்.

"சொல்லிரட்டுமா அவர்கிட்ட?"

"நீ சும்மா இரு. கனவுல வரும் அவனுக்கு."

டோரீன் சிரித்தாள். அவளும் சொல்லவில்லை.

ஜூலையில் கென்ட் பத்திரிகைக்காரர்களை அழைத்து ஓட்டிப் பார்க்க வண்டிகளைக் கொடுத்தான். அன்றைக்கு ஊரில் டிராக்டர் ஊர்வலம். பளபளக்கும் வண்டிகள் டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன, வெயில் வேறு. நடைபாதையில் எலுமிச்சைச் சாறு குடித்தபடி மார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒருவர் காலை அகட்டினார். இன்னொருவர் எழுந்து நின்றபடி ஓட்டினார். மூன்றாமவர் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு இறங்கி, யாரோ வைத்திருந்த பீரைப் பிடுங்கித் தொடையில் கொட்டிக்கொண்டார். தெருவே சிரித்தது. 'சக்கரம் வைத்த அடுப்பு' என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். வாங்குகிறேன் என்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

ஆகஸ்டில் கென்ட் வந்தான். மார்லிஸ் ஏணி மேல் நின்று கூரைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ், கொஞ்சம் இறங்கி வாயேன்."

"அங்கேருந்தே பேசு. நல்லாத்தான் பேசுவியே."

"மடலைத் திருப்பி மாட்டிட்டேன். அப்பவும் சுடுது. விசிறி எங்க, எந்தக் கோணத்துல வச்சே? பழைய தாளு, நீ செஞ்ச மொத வண்டி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்."

"எல்லார் முன்னாடியும் சொல்லு, வண்டி யாரோடதுன்னு. அப்புறம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை அவன் சொன்னான். மதுக்கடையில், தொழிலாளிகள் முன்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "அது மார்லிஸ் செஞ்சது. நான் ஒரு கோடுகூடப் போடல."

மார்லிஸ் பிராந்தியைக் குடித்து முடித்தாள். "கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

"அப்ப விசிறி?"

"பாக்கலாம்னுதானே சொன்னேன். பாத்துட்டேன்." பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள். காரில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் எதுவும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை.

பனி விழுவதற்குள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சாமான்களைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்த டோரீன், மார்லிஸின் வாசலில் நின்றாள்.

"அவரை அடிக்கிறதா நெனச்சே. அவருக்கு என்ன, மச்சான் கடையில படகு விக்கப் போயிட்டாரு. நாங்கதான் ரோட்டுல நிக்கிறோம்."

"நீயும்தானே சொல்லாம இருந்தே?"

"அது ஜூலை வரைக்கும்டி. அதுக்கப்புறம் நீ தனியாத்தான் செஞ்சே."

மார்லிஸ் உள்ளே வரச் சொன்னாள். டோரீன் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை.

டெலவன் ஏரிப் பக்கம் போகும்போது, படகுக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருக்கும் கென்டை மார்லிஸ் இன்றும் பார்ப்பதுண்டு. பார்த்ததும் மனம் குளிர்கிறது, அதில் பொய்யில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.