கண்மலர் எடுத்த அன்று

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் அம்மன் கோயிலில் மேல்கல் பெயர்ந்து விழுந்து, சிலையின் கை ஒடிந்துவிட்டது. பின்னமான சிலை பீடத்தில் இருக்கக் கூடாது. புதுச்சிலைக்குச் சொல்லிவிட்டு, பழையதை ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரில் விட நாள் குறித்தார்கள்.

செவ்வாய்தோறும் அம்மனுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்துவது என் பங்கு. அந்த முகத்தைத் தண்ணீருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. படமாவது வேணும் என்று விருதுநகர் போய் ஒரு போட்டோக்காரம்மாவைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் கேமராவைத் தூக்கிய முதல் பொம்பளை அவர்தான். பிழைப்புக்குக் கல்யாண வீடு. ஓய்ந்த நேரத்தில் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் பிலிமில் எடுப்பார்.

சிலையை அணைக்குக் கொண்டுபோகிற அன்று காலையில்தான் அவரால் வர முடிந்தது. பார்த்ததும் இடுப்பில் கை வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, எண்ணெய் போட்டீகளா?”

“பொண்ணு பாக்க வாரப்ப சிங்காரிக்காம விடுவமா?”

“நல்லாச் சிங்காரிச்சீக! எண்ணெய்தான் மின்னும். மொகம் படத்துல விழாது.”

நானும் என் வீட்டுக்காரியும் பச்சரிசி மாவைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எண்ணெயை எடுத்தோம்.

“அந்த வெள்ளிக் கண்ணையும் எடுத்துருங்க,” என்றார்.

வெள்ளியில் செய்து ஒட்டிய கண்மலர் அது. எண்ணெய் சாத்தும்போதுகூட அதைச் சுற்றித்தான் தடவுவேன்.

“அம்மன் கண்ணையா எடுக்கச் சொல்லுதீக?”

வீட்டுக்காரி குறுக்கே விழுந்தாள். “அம்மனத்தான் முந்தாநாளே பூசாரி கும்பத்துல எறக்கிட்டாரே. இது இப்ப வெறுங்கல்லு. எடுங்க.”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்தேன். சுவர்க் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, வாசல் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிச் சிலைமேல் விழும்படி வீட்டுக்காரியைப் பிடிக்க வைத்தார் அந்தம்மா. வெளிச்சம் கன்னத்தில் சாய்ந்ததும், சிற்பி வெட்டிய கண் எழும்பி வந்தது.

வெள்ளிக் கண் நேரே தெருவைப் பார்க்கும். இந்தக் கண் இமை தாழ்ந்து, காலடியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தது. இத்தனை வருசமும் அவள் என் தலைக்கு மேலேதான் பார்க்கிறாள் என்றிருந்தேன்.

“அக்கா, கண்ணாடி ஆடுது,” என்றார் அந்தம்மா.

திரும்பினேன். வெறுங்கல்லு என்றவள் கண்ணாடியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்துத்தான் படம் எடுக்க முடிந்தது.

மத்தியானம் சிலை தண்ணீருக்குள் போனது. புதுச்சிலைக்கும் செவ்வாய்தோறும் நான்தான் எண்ணெய் சாத்துகிறேன். படத்தை வீட்டில் தாழ்வாகத்தான் மாட்டியிருக்கிறேன், உட்கார்ந்தால் அவள் பார்க்கிற உயரத்தில். குங்குமம் நெற்றியோடு நிற்கும். கண் பக்கம் போக விடமாட்டேன்.