அண்ணனைத் தேடிச் சைக்கிளில் போன வியாழக்கிழமை

அம்மன் அடியார்களே, முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். கோயிலில் நீங்கள் உங்கள் அனுபவங்களைச் சொல்லும்போது நான் தூணுக்குப் பின்னால் இருந்து கேட்டுவிட்டுப் போகிறவன். எழுந்து நின்று பேச ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை என் அண்ணன் காணாமல் போனார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு வருடமாக நினைவு தப்பித் தப்பி வருகிறது. அண்ணியையே சில நாள் யாரென்று கேட்பார். அன்று காலை அண்ணி அவரை என் பொறுப்பில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தா. வயலுக்குத் தண்ணீர் திருப்ப அன்று எங்கள் முறை. விட்டால் அடுத்த வாரம்தான். அண்ணன் கதிரையில் கண்மூடி இருந்தார். அரை மணி நேரம்தானே என்று மடையைத் திறக்கப் போனேன். திரும்பி வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

பொலிசுக்குச் சொன்னோம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் குளத்துப் பக்கமும் காட்டுப் பக்கமும் போனார்கள். நான் என் சைக்கிளை எடுத்தேன். அண்ணி அழுதுகொண்டே சொன்னா:

“தம்பி, உங்களுக்கு ஒருத்தரிட்டையும் கேக்க வாய் வராது. நீங்கள் போய் என்ன செய்யப் போறீங்கள்?”

உண்மைதான். கடையில் சீனி வாங்குவதற்கும் மற்றவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நிற்பவன் நான். கிளிவெட்டி அம்மன் வாசலில் இறங்கிக் கும்பிட்டேன். “தாயே, நான் ஆரையும் கேக்காமலே அண்ணனைக் கண்ணில காட்டு” என்று மன்றாடினேன். இப்போது அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூதூர் பஸ் நிலையத்தை மூன்று முறை சுற்றினேன். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தேன். இறங்குதுறைக்குப் போய் வந்தேன். பிறகு கிண்ணியா வீதி. எத்தனையோ தரம் மிதித்த வீதிதான். அன்று அது முடியவே இல்லை. வெள்ளைச் சாரம் கட்டிய ஒவ்வொரு முதுகும் அண்ணன் போலத் தெரிந்தது. கிட்டப் போனால் வேறு முகம். கடைகளில் ஆட்கள் நிற்பதைக் கண்டால் பிறேக் பிடிப்பேன். அவர்கள் திரும்பிப் பார்த்ததும் மிதித்துக்கொண்டு போய்விடுவேன். போகவும் மனமில்லை, நிற்கவும் மனமில்லை. வாய்க்காலைக் கண்டால் உள்ளே எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஏன் பார்த்தேன் என்று வேகமாக மிதித்தேன்.

கிண்ணியாவில் பின் டயர் காற்றுப் போனது. சைக்கிள் திருத்தும் கடையொன்றுக்கு உருட்டிப் போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், நாங்கள் ‘நானா’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிற வயது. ரியூப்பைக் கழற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க இந்த வெயிலுக்க?”

நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மனதுக்குள் வேறு விதமாக மன்றாடினேன். தாயே, நீ காட்டாவிட்டாலும் பரவாயில்லை, என் வாயைத் திற. அவ்வளவுதான். அழுகைதான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வார்த்தையும் வந்தது.

“நானா, என்ர அண்ணனைக் காணேல்ல.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ரியூப்பைக் கீழே போட்டார்.

“கிளிவெட்டியில இருந்து இவ்வளவு தூரம் ஒருத்தரிட்டயும் கேக்காமலா வந்தீங்க? கேட்டா வரியா கட்டோணும்?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “பழைய துறையில ஒரு ஐயா காலையில இருந்து நிக்கிறார். பாதைக்கு நிக்கிறாராம்.”

பாதை என்றால் பாலம் கட்டுவதற்கு முன் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடந்த மிதவைப் படகு. அண்ணன் அந்தக் காலத்தில் தயிர்ச் சட்டிகளோடு அதில்தான் திருகோணமலைக்குப் போவார். அது நின்று எத்தனையோ வருடம்.

ஓடினேன். அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றார். பக்கத்தில் ஒருவர் அவருக்குக் குடை பிடித்தபடி நின்றார். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அண்ணன் இரண்டு முறை ஆழத்துக்குப் போகப் பார்த்தார் என்று அவர் சொன்னார். “தம்பி வரட்டும், விட்டிட்டுப் போக மாட்டன்” என்று தானாகவே திரும்பி வந்தாராம்.

என்னைக் கண்டதும் ஏசினார். “எங்கயடா போனனி? பாதை வரப் போகுது.”

வீட்டுக்கு வரச் சொன்னால் அசையவில்லை. அக்கரைக்குப் போகாமல் வரமாட்டார். நானா சைக்கிளைத் திருத்திக் கொண்டு வந்து தந்தார். அண்ணனைக் கரியரில் இருத்திப் பாலத்தால் அக்கரைவரை மிதித்தேன். என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். அங்கே இறங்கி நாலு பக்கமும் பார்த்து, “சரி, வந்திட்டம்” என்றார். அதன் பின் என்னோடு திரும்பினார்.

அன்று முதல் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்கிறேன். நான் வயலுக்குப் போனால் அவர்கள் வந்து அண்ணனோடு இருக்கிறார்கள். இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்தது நான்தான். அவர்கள் மறுத்ததே இல்லை.

என்னைப் போலக் கூச்சப்படுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அம்மனிடம் கேளுங்கள். கும்பிட்டு எழுந்த பிறகு, பக்கத்தில் நிற்கும் மனிதரிடமும் கேளுங்கள். அவள் எனக்குப் பதில் தந்தது அவர்கள் வாயால்தான்.

எழுதி முடித்தது: பங்குனி உத்தரத்துக்கு மறுநாள், பின்னேரம்.