பின்சந்தின் இரும்புப் படி

யாங்கூனில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன கட்டடம் ஒவ்வொன்றின் வரலாறும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பொய். மூன்று கட்டடம்தான் தெரியும். மற்றதற்கெல்லாம் ஒரே கதை: ஒரு துரை, ஒரு துரைசாணி, ஒரு குதிரை. கட்டடம் பெரிதாக இருந்தால் குதிரை இரண்டு.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. கோயில் வகுப்பில் பொறுக்கிய தமிழ் எழுத்து வரும். இங்கிலீஷ் எழுத்தும் நானும் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம்.

அன்றைக்கு மதுரையிலிருந்து ஆறு பேர். அதில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். முந்தின வருடம்தான் பெரு நாட்டில் இன்கா இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தாராம். நான் இன்காவை இருமல் மருந்து என்று நினைத்து, "நல்லாக் கேக்குமாங்க?" என்று விசாரித்துவிட்டேன். அப்போதே அவருக்கு என் மேல் சந்தேகக் கண்.

ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பழைய கம்பெனிக் கட்டடம். வாசலில் இங்கிலீஷ் கல்வெட்டு.

"இந்தக் கல்லுல துரையோட குதிரைப் பேர வெட்டியிருக்காங்க" என்றேன்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எங்க தம்பி, வாசிங்க. பெருவுல கைடு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினார்."

பக்கத்தில் கழுத்தில் கைடு அட்டையோடு ஒருவன் நின்றான். நாங்கள் குடியிருக்கும் தாகேதாப் பேட்டையில் என் தெருக்காரன். "வாசிங்கண்ணே! சயாமா கேக்குறாங்கல்ல?" என்றான். டீச்சரை இங்கே சயாமா என்போம். பிறகு ஆறு பேரையும் பார்த்து, "இவரு வாசிக்க மாட்டாரு. என்கூட வாங்க, நான் படிச்சவன்" என்றான்.

ஆறு தலையும் அவன் பக்கம் திரும்பின. அவர்கள் போனால் என் கைடு வேலையும் அன்றோடு போச்சு. தெரு முழுக்கச் சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"எனக்கு இங்கிலீசு வராது சயாமா. குதிரையும் பொய்யி" என்றேன். "அவன் படிச்சவன், நான் படி கழுவுனவன். இந்தக் கட்டடத்துலயே நாலு வருசம்."

"அதுல பெருமை வேறயா?" என்று சிரித்தான்.

"பெருமதான்டா. நீ காட்டுறது துரை ஏறுன முன்படி, சலவைக்கல்லு. பின்சந்துல ஒரு இரும்புப் படி சுருண்டு சுருண்டு மூணு மாடிக்கும் போகுதே, அத ஒரு நாளாச்சும் காட்டியிருக்கியா?"

"அது கக்கூஸ் படிண்ணே. மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? துரை கண்ணுல படாம மலச்சட்டி எறக்கப் போட்ட படி. ஏறுனது யாரு? உன் பாட்டன், என் பாட்டன். அதுக்குக் கல்வெட்டு கெடையாது. அதனால வாசிக்கத் தெரியாதவனும் காட்டலாம்!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். வேட்டி கட்டியிருந்தால் மடித்தும் கட்டியிருப்பேன்.

டீச்சர் கல்வெட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "சந்து எந்தப் பக்கம்?"

ஆறு பேரும் என் பின்னால் வந்தார்கள். அட்டைக்காரனும் பத்தடி தள்ளி வந்தான். கேட்டால் வீட்டுக்குக் குறுக்கு வழியாம்.

சந்தில் குப்பை, எலி, மாடியிலிருந்து தொங்கும் கயிறுகள். நடுவே துருப்பிடித்த படி. டீச்சர் முதல் படியில் கால் வைத்தார். இரண்டு தோளும் கம்பியில் இடித்தன.

"எதிர்ல ஆள் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

கேள்வி என்றால் அது கேள்வி. எங்கள் காலத்தில் சட்டி இல்லை, குப்பைக்கூடை. ஆனாலும் வழி ஒன்றுதான். மேலே இருப்பவன் இரும்பில் மூன்று தட்டுத் தட்டுவான். கீழே இருப்பவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு நாள் மூன்று தட்டுக் கேட்டும் நான் ஒதுங்காமல் ஏறினேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், மேலே நிற்பது கூட்டுகிறவன் இல்லை, சாட்சாத் எங்கள் மேனேஜர், கையில்...

"என்னங்க! மதுரை டீச்சர் சொல்லி அனுப்புனாங்கன்னு எட்டுப் பேரு வந்து நிக்கிறாங்க. பின்படியத்தான் மொதல்ல பாக்கணுமாம். எழுதுனது போதும், எந்திரிங்க!"

என் மனைவி. மேனேஜர் படியிலேயே நிற்கட்டும்.