பாஸ்டரம்மா மாசாணி

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளை ஒட்டி ஒரு காலனி. முப்பது வீடுகள். அங்கே முதன்முதலில் ஞானஸ்நானம் வாங்கியவள் மாசாணியம்மாள். தொண்ணூற்று இரண்டாம் வருடம், ஊர் ஊராகப் போகும் ஊழியக்காரர்கள் வாய்க்காலில் வைத்துக் கொடுத்தார்கள். பதிவேட்டில் மெர்சி என்று எழுதிக்கொண்டார்கள். காலனியில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. பகலெல்லாம் நார் மில் களத்தில் தென்னை நார் உலர்த்துவாள். வேலை விட்டதும் வீடு வீடாகப் போய் ஜெபிப்பாள்.

எதிர்வீட்டு முத்தாத்தாளுக்கு வாந்திபேதி கண்டு, பெற்ற பிள்ளைகளே கிட்டப் போகப் பயந்தபோது, மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சித் தண்ணீர் ஊட்டி, துணி கசக்கிப் போட்டவள் அவள்தான். பிழைத்து எழுந்த முத்தாத்தாள் கேட்டாள்: "உன்ற சாமி பேரு என்ன அம்மணி?"

சபை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. இரண்டு வருடத்தில் பதினோரு குடும்பங்கள் சேர்ந்தன. இடிந்து கிடந்த ஒரு கொட்டகையைச் சாணி மெழுகிச் சீராக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினார்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டியே வேதம் படிக்கக் கற்றிருந்த மாசாணிதான் பிரசங்கம் செய்வாள். அவள் கணவன் பாலுசாமி மரமேறுகிறவன். கடைசி வரிசையில் சுவரோரம் சாய்ந்து தூங்குவான்.

கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஓராண்டு ஊழியப் பயிற்சி நடத்துவதாகக் கேள்விப்பட்டாள். மில்லில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். உக்கடத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தே போய்ச் சேர்ந்தாள். அங்கே பொறுப்பில் இருந்த ஞானாபரணம் திருநெல்வேலிக்காரர், தன்மையானவர். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இங்க ஆம்பளைகளுக்குத்தான் பயிற்சி. உங்க வீட்டுக்காரர அனுப்பி வைங்க."

"அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா."

"நீங்க இருக்கீங்கல்லா? சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தாள். ஆறு மாதம், தினம் விடிகாலையில் அவனை எழுப்பி உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். விண்ணப்பத்தையும் அவளே எழுதினாள். அவன் பயிற்சியில் இருந்த வருடம் முழுக்க மில் கூலியில் வீட்டையும் பார்த்து, சபையையும் நடத்தினாள்.

பாலுசாமி வெள்ளைச் சட்டையும் கையில் சான்றிதழுமாகத் திரும்பி வந்தான். முதல் ஞாயிறே, அவள் வேதத்தைத் திறக்கப் போகையில் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"பொம்பளைங்க சபையில போதிக்கக் கூடாதுன்னு பாடத்துலயே இருக்குது அம்மணி. நீ பாட்டு மட்டும் எடுத்துக் குடு."

அன்றிலிருந்து அவன் பாஸ்டர், அவளுக்குப் பாஸ்டரம்மா என்று பேர். முன்வரிசையில் ஓரிடமும் கொடுத்தார்கள்.

தொண்ணூற்று ஏழில் சபைக்கு ஓட்டுக் கட்டடம் எழும்பியது. திறப்புக்குக் கோயமுத்தூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். பாலுசாமி மைக் முன்னால் நின்று சாட்சி சொன்னான்.

"இந்தக் காலனியில ஒரு தாய்க்கு வாந்திபேதி. பெத்த புள்ளைகளே கிட்டப் போகல. நான் மூணு நாள் பக்கத்துல உக்காந்து ஜெபிச்சேன்..."

மாசாணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த முத்தாத்தாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மாசாணி அவள் கையை அழுத்திப் பிடித்தாள். வந்தவர்கள் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க மனம் வரவில்லை. அப்படி அழுத்தியதற்காகப் பின்னாளில் எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள். கல்வெட்டிலும், சபையை நாட்டியவர் என்று பாலுசாமியின் பெயர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஏனுங்க, முத்தாத்தாக்கா ஊட்டுப் பக்கமே நீங்க அப்ப வரலீங்களே?"

"நீ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன? புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மாம்சம்னுதான வேதத்துல இருக்குது."

"அப்படீன்னா கல்லுல என்ற பேரப் போட்டிருக்கலாமுங்களே."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுவருடம் மிஷன் அவனைச் சத்தியமங்கலம் பக்கம் மாற்றியது. சபை நாட்டுவதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தானே! காலனிக்கு வேறொரு பாஸ்டர் வந்தார். பெட்டி கட்டும்போது பாலுசாமி சொன்னான்:

"அங்க நீதான் மொதல்ல பொம்பளைங்ககிட்டப் பேசோணும். நாலு குடும்பம் வந்துட்டா அப்புறம் நான் பாத்துக்குவேன்."

"பயிற்சி எடுத்தது நீங்கதானுங்க. நீங்களே போய்ப் பேசுங்க. நான் வரலீங்க."

கெஞ்சினான். வேத வசனம் சொன்னான். கடைசியில் தனியாகப் போனான். எட்டு மாதத்தில் ஒரு குடும்பம்கூடச் சேரவில்லை. சீக்காளி வீட்டு வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுத் திரும்புகிறவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. மிஷன் விளக்கம் கேட்டது. மனைவி ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தான். மாசாணியைப் பார்க்க ஞானாபரணம் நேரிலேயே வந்தார்.

"உங்களாலதாம்மா அவர் ஊழியம் கெட்டுப்போச்சு. அவர ஊழியத்துல இருந்து எடுத்துட வேண்டியதா இருக்கு."

"ஐயா, நான் மொதமொதல்ல உங்களத் தேடி வந்தது ஞாபகம் இருக்குதுங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "எத்தனையோ பேர் வாராங்கம்மா" என்றார்.

பாலுசாமி திரும்பி வந்தான். மறுபடி மரமேற உடம்பு வணங்கவில்லை. வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. வெளியிலோ அதே பேச்சுத்தான்: நல்லா இருந்த மனுசனப் பொண்டாட்டி கெடுத்துப்போட்டா. அவள் தேடிப் போய்ச் சேர்த்த குடும்பங்களே அப்படிச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு, புருஷனுக்கு அடங்காத பெண்களுக்காக எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்போம் என்றார் புதுப் பாஸ்டர். மாசாணி கண்ணை மூடவில்லை. சுற்றிலும் பார்த்தாள். முத்தாத்தாளும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து வெளியே வந்துவிட்டாள். யாரும் பின்னால் வரவில்லை.

அடுத்த வாரம் முதல் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாக மில் மேஸ்திரியிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம உங்களுக்குக் கோயிலாச்சே?" என்றார் அவர்.

"அது அவங்களுதுங்க" என்றுவிட்டு, நாரைக் கிளறக் களத்துக்குள் இறங்கினாள்.