ஒன்றுவிட்ட அண்ணை

பெயர் தெரியாத உடல்களுக்கு டி.என்.ஏ. வழியாகச் சொந்தக்காரரைத் தேடும் அலுவலகமொன்றில், பென்சன் எடுக்கும்வரை வேலை செய்தேன். குடும்ப மரம் வரைகிற அந்த வேலைக்கு எங்கள் பேச்சில் 'ட்ரீ கட்டுறது' என்று பெயர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தமிழ்ப் பிள்ளைகளே, நான் கெட்டித்தனமாகக் கண்டுபிடித்த கேஸ்களை இன்னொரு நாள் கேளுங்கள். பிழை விட்ட கேஸை முதலில் சொல்கிறேன்.

கனடாவில், ரூஜ் ஆற்றங்கரையில் பல வருடங்களுக்கு முன் எடுத்த எலும்புகள். இருபத்தைந்து வயதளவான ஆண். அந்த டி.என்.ஏ.யோடு ஓரளவாவது பொருந்திய ஒரே ஆள், ஸ்ரௌவ்வில்லில் இருந்த வசந்தி. பொழுதுபோக்காகத் தன் எச்சிலை அனுப்பி, பொலிஸும் பார்க்கலாம் என்ற பெட்டியில் ரிக் போட்டிருந்தவர். பொருந்திய அளவைப் பார்த்தால் இருவருக்கும் ஒரே பூட்டனாக, அதாவது பாட்டனின் தகப்பனாக, இருக்கவேண்டும். வசந்திக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மான்ர பக்கத்து ஆக்கள் ஆரும் கனடாவிலை இருக்கினமோ?"

"ஓம் அக்கா, அம்மான்ர ஒன்றுவிட்ட அண்ணை ஒராள் ரெக்ஸ்டேல்லை இருக்கிறார். ஒரு மகன், வன்கூவர்ல எண்டு கதை. எங்களோட போக்குவரத்து இல்லை."

'வன்ஸ் ரிமூவ்ட்' என்று குறிப்பில் எழுதினேன். சொல்லுக்குச் சொல் சரி, மண்டைதான் வேலை செய்யவில்லை. ஆங்கிலத்தில் அது ஒரு தலைமுறை தள்ளிய உறவு. எங்களுக்கோ ஒன்றுவிட்ட அண்ணை என்றால் பெரியப்பா, சின்னம்மா பெற்ற பிள்ளை, அதே தலைமுறை. நான் அந்தக் குடும்பத்தை ட்ரீயில் ஒரு படி மேலே வைத்தேன். அப்படி வைத்தால் அந்த வன்கூவர் மகனுக்கு அளவு பொருந்தாது. சிவப்புக் கோடு போட்டுத் தள்ளிவிட்டு, ஏழு மாதம் வேறு கிளைகளில் அலைந்தோம்.

என் மகளின் கலியாணத்துக்கு மனேஜர் ஹெலன் வந்திருந்தார். என் ஒன்றுவிட்ட தம்பியைக் காட்டி, "மை ஃபர்ஸ்ட் கசின்" என்றேன். அப்படியென்றால் வசந்தி சொன்ன அண்ணையும் ஃபர்ஸ்ட் கசின்தானே. ஐயோ, என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறேன்! திங்கட்கிழமை ட்ரீயைத் திருத்தினேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

ரெக்ஸ்டேல் வீட்டில் தாய் மட்டும்தான் இருந்தார். அவருடைய கன்னத்துக்குள் தேய்த்து எடுத்த சாம்பிள் உறுதிப்படுத்தியது: அது அவரின் மகன் ரமணன். தகப்பன் ஏசியதில் கோபித்துக்கொண்டு, வன்கூவர் போகிறேன் என்று வெளிக்கிட்டவன். அதே மாரியில் ஆற்றில் விழுந்திருக்கிறான். தகப்பன் செத்து இரண்டு மாதம்.

பிழையைச் சொல்லத் தேவையில்லை என்றார் ஹெலன். எனக்கு மனம் கேட்கவில்லை.

"அம்மா, நான் பிழை விட்டிராட்டி ஐயா இருக்கேக்கையே சொல்லியிருப்பம்."

அவர் மேசையில் இருந்த பழைய ஃபோனைப் பார்த்தார்.

"உந்த நம்பரை மாத்த விடேல்லை அவர். 'நான் ஏசினதை அவன் மன்னிக்கேல்லை, அதுதான் எடுக்கிறானில்லை' எண்டு சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினவர். என்ர பெடியன் கோபத்திலை எடுக்காமல் விடேல்லை. எடுக்க ஏலாமல் கிடந்திருக்கிறான். உதை மட்டும் அவருக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாம், பிள்ளை."

அவர் என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து எனக்குத் தேத்தண்ணி போடப் போனார். நான் அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன்.

அதற்குப் பிறகு எந்த உறவுச் சொல்லையும் நான் மொழிபெயர்த்ததில்லை. மாமா, சித்தப்பா, அண்ணை, யாரைச் சொன்னாலும் "அவர் ஆரின்ர பிள்ளை?" என்று கேட்டுத்தான் பேனையை எடுப்பேன். நீங்களும் கேளுங்கள். வசந்தியிடம் நான் கேட்காமல் விட்டது அந்த மூன்று சொல்லைத்தான்.